தொட்டி எங்கே இருந்தது?

மழைக்காலம் வந்துவிட்டால் மைனி வீட்டுத் தரை வியர்க்கும். வெறும் ஈரம் அல்ல. சிமெண்ட் வெடிப்புகளில் பச்சையும் மஞ்சளுமாக ஒரு நீர் ஊறி வரும். மைனி சாக்கை விரித்து, அதன்மேல் பிளாஸ்டிக் தாள் போட்டு, அதற்கும் மேல் பாயைப் போட்டு மகளைப் படுக்க வைப்பாள். பிள்ளை தூக்கத்தில் உருண்டு கால் தரையில் பட்டுவிட்டால் காலையில் அந்த இடம் தடித்துச் சிவந்திருக்கும். மைனியின் புருஷன், என் அண்ணன், தாராவியில் தோல் ஷாப்பில் வேலை பார்த்தவன். தோல் பதனிடும் பட்டறையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். ஷாப்பை மூடியபோது முதலாளி, தோல் ஊறிய தொட்டிகளில் இடிபாட்டைக் கொட்டி மூடி, மேலே அறைகள் கட்டி, வேலை பார்த்தவர்களுக்கே கொடுத்துவிட்டுப் போனார். பெரிய மனசு என்று அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டான். அதிக நாள் ஆகவில்லை, நெஞ்சு கெட்டு, கைக்குழந்தையை விட்டுவிட்டுச் செத்தான். அந்தக் கும்பிடு இன்னும் என் வயிற்றெரிச்சல்.

எங்கள் சந்து வீடுகளை இடித்துக் கட்டிடம் எழுப்பும் திட்டம் வந்தபோது, மண்ணைப் பார்க்க மாட்டுங்காவிலிருந்து ஒரு தமிழ் எஞ்சினியர் அம்மா வந்தார். பொறுமையானவர். எங்களைக் கோவில் வாசலில் உட்காரவைத்துப் படம் வரைந்தே விளக்கினார். தொட்டி இருந்த இடத்தில் மண் கெட்டிருக்கும். அதை ஆழமாகத் தோண்டி எடுத்து, நல்ல மண் நிரப்பி, பிறகுதான் வீடு. நடுவில் பிள்ளைகள் விளையாட ஓர் இடம். "எங்ககிட்ட பழைய வரைபடம் எதுவும் இல்லை. தொட்டி எங்கே இருந்ததுன்னு நீங்கதான் காட்டணும். அங்கே துளை போட்டுப் பார்ப்போம். சுத்தம் பண்ணித்தான் இடத்தை உங்ககிட்ட கொடுப்போம்" என்றார்.

சுத்தம் என்றதுமே கூட்டம் சலசலத்தது. பம்பாயில் எங்களைப் போன்றவர்கள் காதில் அந்தச் சொல் ஒரே விதமாகத்தான் விழும். நடைபாதை சாஃப், குடிசை சாஃப் என்று கேட்டுப் பழகிய காது. "மண்ணயா சுத்தம் பண்ணுவிய, எங்களயா?" என்று கேட்டார் சங்கத் தலைவர். தோண்டி முடியும்வரை எல்லோரும் டிராம்பே பக்கம் டிரான்சிட் கேம்பில் இருக்க வேண்டும், எத்தனை வருஷம் என்று இப்போது சொல்ல முடியாது என்றார் அந்த அம்மா. உண்மையைச் சொல்லிக் கெட்டார், பாவம். கேம்புக்குப் போய்த் திரும்பி வந்த ஒரு குடும்பத்தைக்கூட எங்களுக்குத் தெரியாது.

அன்று சாயங்காலமே சந்து ஒரு முடிவுக்கு வந்தது. இங்கே தோல் ஷாப்பே இருந்ததில்லை. ஷாப்பில் ஆயுசைக் கழித்தவர்கள் எல்லாம் ஒரே பொழுதில் மூட்டை தூக்கிகளாகவும் பெயிண்டர்களாகவும் ஆனார்கள். என் அண்ணனும் செத்த பிறகு காய்கறி மார்க்கெட்டில் வேலைக்குச் சேர்ந்தான்.

மைனி மட்டும் மசியவில்லை. "எம்புள்ள இனி இந்த மண்ணுல படுக்க மாட்டாட்டி. தொட்டி எங்க அடுப்படிக்குக் கீழதான் இருக்குன்னு காட்டத்தான் போறேன்" என்று என்னிடம் சொன்னாள். அது எப்படியோ வெளியே தெரிந்து, தலைவர் நாலு பெண்களோடு வீட்டுக்கு வந்துவிட்டார். "ஒம்புள்ளைய மட்டும் பாத்தாப் போதுமா தாயி? இங்க உள்ள புள்ளையெல்லாம் தெருவுல நிக்கவா?" என்றார். நியாயமான கேள்வி, அதுதான் கொடுமை. குழாயும் கக்கூஸும் பொதுவாக இருக்கிற இடத்தில், சந்துக்காரர்களை விரோதித்துக்கொண்டு ஒருத்தி ஒரு நாள்கூட வாழ முடியாது. சொல்ல மாட்டேன் என்று மைனி ஒத்துக்கொண்ட பிறகும் அவர்கள் நம்பவில்லை. "புள்ள தலயில அடிச்சுச் சொல்லு" என்றாள் ஒருத்தி.

பொய்ச் சத்தியம் பண்ணினால், எந்தத் தலைமேல் பண்ணினோமோ அந்தத் தலையைப் பிடிக்கும் என்பதை நம்பி வளர்ந்தவர்கள் நாங்கள். பண்ணாவிட்டால் வீடு போகும். பண்ணினால் மண்ணும் பிடிக்கும், சத்தியமும் பிடிக்கும். மைனி மகளை இழுத்து முன்னால் நிறுத்தினாள். "இங்க தோல் ஷாப்பும் கெடயாது, தொட்டியும் கெடயாது" என்று பிள்ளையின் உச்சியில் அடித்தாள். பிள்ளை மிரண்டுபோய் அம்மா முகத்தையே பார்த்தது.

எஞ்சினியர் அம்மா மறுபடி வந்தபோது, மைனி வீட்டுத் தரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இது என்னம்மா கறை?" என்றார். "சாயம் கொட்டிப்போச்சு" என்றாள் மைனி. ஷாப்பெல்லாம் இல்லை, டீக்கடை இருந்த கோடியில் எப்போதோ தோல் சாமான் ஏதோ கிடந்தது என்று சந்தே சேர்ந்து கை காட்ட, அங்கே துளை போட்டார்கள். நல்ல மண் வந்தது. தோண்டும் வேலையே இல்லாமல் பாதிப் பாதியாக இடித்துக் கட்டினார்கள். யாரும் டிராம்பே போகவில்லை. சந்து ஜெயித்தது.

அதன்பின் மகளுக்குச் சொறி வந்தாலும் காய்ச்சல் வந்தாலும் மைனி டாக்டரிடம் மண்ணைப் பற்றி மூச்சு விடமாட்டாள். சத்தியம் பிடிச்சிட்டுது என்று, மகள் காதில் விழாமல், என்னிடம் மட்டும் சொல்வாள். மொட்டை போட்டாள், விரதம் இருந்தாள். டாக்டரிடமாவது உண்மையைச் சொல் என்று நான் வாயெடுத்தால், "பேசாதட்டி, சொன்னா இன்னும் பிடிக்கும்" என்று என் வாயைப் பொத்துவாள். போன வருஷம் அந்தப் பயத்தோடேயே போய்ச் சேர்ந்தாள். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. யார்மேல் ஆத்திரப்படுவது என்றுதான் தெரியவில்லை.

நான் இப்போது கோபர்கைரனேயில் மகன் வீட்டில் இருக்கிறேன். மைனி மகள் உண்டாகியிருக்கிறாள் என்று கேட்டு, போன மாதம் பார்க்கப் போனேன். அதே இடத்தில் எழும்பிய கட்டிடத்தில்தான், தரைத்தளத்தில், புருஷனோடு இருக்கிறாள். பின்பக்கம் ஒரு துண்டு நிலத்தில் தண்டுக்கீரை போட்டிருந்தாள். தளதளவென்று நின்றது. "டாக்டர் கீரை நெறைய சாப்பிடச் சொல்றாங்க அத்தை. பஜார்ல விக்கிற கீரை எல்லாம் கட்டர் சாக்கடைத் தண்ணில வளத்தது. இது நம்ம மண்ணு" என்றாள். அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அப்பன் வேலை பார்த்த ஷாப், இடிபாடு கொட்டிய தொட்டி, தோல் பதனிடும் மருந்து அரித்து ஓட்டை விழுந்த அவன் கை, எதையும் விடவில்லை. இந்தக் கீரையை வாயில் வைக்காதே என்று கெஞ்சினேன்.

அவள் கோபப்படவில்லை. வயசானவளிடம் பேசுகிற மாதிரி என் கையைத் தடவிக் கொடுத்துவிட்டு எழுந்து போய், சமையலுக்குக் கீரையை வேரோடு பிடுங்கி மண்ணை உதறினாள்.

"அம்மா என் தலயில அடிச்சு சத்தியம் பண்ணுனா அத்தை, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. எந்தத் தாயாவது பெத்த புள்ள தலயில பொய்ச் சத்தியம் பண்ணுவாளா?"