பொம்மைப் போர்வையை அவித்தவள்

"இந்த வீட்டு ஆம்பளைகளுக்குக் கண்ணு மூஞ்சியில இருக்கு. பார்வைய எங்கன கழட்டி வச்சாகன்னுதான் தெரியல."

அனுமந்தன்பட்டி கருத்தம்மாள் ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது இதைச் சொல்லாமல் அடுப்பை அணைத்ததில்லை. மாடு அவிழ்த்துக்கொண்டு பருத்தியை மேய்ந்தாலும் சொல்வாள், குடத்தில் தண்ணீர் இல்லாவிட்டாலும் சொல்வாள். புருஷன் சீனிச்சாமி காதில் வாங்காமல் கஞ்சியைக் குடித்துவிட்டு எழுந்து போய்விடுவான். ஆனால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்துமூன்றாம் வருஷம் தை மாதத்தில் ஒரு நாள் அவள் அதைச் சொன்னபோது அவனால் எழுந்து போக முடியவில்லை.

அப்போது அவளுக்கு மூன்றாவது பிள்ளை பிறந்து பன்னிரண்டு நாள். முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. ஒன்று இருபதாம் நாள் போனது, அடுத்தது மூன்று மாதம் இருந்துவிட்டுப் போனது. இரண்டுக்கும் மாமியார் மொக்கம்மாள் ஒரே காரணம்தான் சொன்னாள். பொம்மைப் போர்வை நேரத்துக்கு வந்து சேரவில்லை.

மற்ற வீடுகளில் தொட்டில் கட்டினால் முதலில் அம்மிக் குழவியைப் போட்டு ஆட்டிவிட்டு அப்புறம் பிள்ளையைப் போடுவார்கள். இந்தக் குடும்பத்தில் குழவிக்குப் பதிலாக ஒரு மரப்பாச்சி. அதைப் படுக்கவைத்து அதற்கென்றே தைத்த சின்னப் போர்வையைப் போர்த்துவார்கள். வருகிற கெடுதல் பொம்மையைப் பிள்ளை என்று நினைத்து எடுத்துக்கொண்டு போய்விடுமாம். போர்வை இரண்டு சாண் நீளம், ஒரு சாண் அகலம். மொக்கம்மாளுக்கு மூன்று தலைமுறை முந்தி எவளோ ஒருத்தி கையால் தைத்தது. உள்ளே இலவம்பஞ்சு, மேலே ஒட்டுத்துணி. தொட்டிலேறிய ஒவ்வொரு பிள்ளையின் முதல் துணியிலும் விரலகலம் கிழித்து ஓரத்தில் சேர்த்துத் தைத்திருந்தார்கள். மூத்த மகளிடம்தான் அது இருக்கும். பிறந்த வீட்டில் பிள்ளை பிறந்தால் அவள் கொண்டுவர வேண்டும். அதில் தண்ணீர் மட்டும் படக்கூடாது. பட்டால் அத்தனை பிள்ளைகளின் ஆயுசும் கரைந்துபோகும் என்பார்கள்.

கருத்தம்மாள் லேசில் எதையும் நம்புகிறவள் இல்லை. ஆனால் இரண்டு பிள்ளைகளைக் குழிக்குள் வைத்த பிறகு, நம்ப மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருக்கவும் அவளுக்குத் தெம்பில்லை. இந்தத் தடவை அவளே புருஷனை விரட்டினாள். பதினாறாம் நாள் தொட்டில், அதற்குள் காமயகவுண்டன்பட்டிக்குப் போய் அவன் அக்காளிடமிருந்து போர்வையை வாங்கி வரச் சொன்னாள். அக்காள் சந்தனம்மாளுக்கு அது கதிரறுப்பு நேரம், அவளால் வர முடியாது.

முதல் நாள் போன சீனிச்சாமி மறுநாள் உச்சி வெயிலில் திரும்பினான். தோளில் போர்வையோடு ஒரு துணி மூட்டை. வாசலில் மோரைக் குடித்துக்கொண்டே அக்காள் வீட்டு நலமெல்லாம் சொல்லி முடித்து, கடைசியில் அந்த வீட்டுப் பூனைக்கு வந்தான். அப்படி ஒரு பூனையைத் தான் பார்த்ததே இல்லையாம். ஒரே நாளில் ஏழு எலி அடித்துப் போட்டிருக்கிறதாம். நெல் குதிருக்குப் பக்கத்தில் வரிசையாகக் கிடந்ததாம்.

பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த கருத்தம்மாள் நிமிர்ந்தாள்.

"தின்னுருந்துச்சா, சும்மா போட்டுருந்துச்சா?"

"ஒண்ணத்தையும் தொடல. முழுசு முழுசாக் கெடக்கு. வயிறு நெறஞ்ச பூன."

"கடிச்ச காயம் இருந்துச்சா?"

"செத்த எலிய எவன் பொரட்டிப் பாப்பான்?"

அந்த வருஷம் கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கப் பிளேக் பயம். எலி விழுந்தால் வீட்டைக் காலி செய்துவிட்டுத் தோட்டத்துக்குப் போங்கள், துணிமணியை அவித்து எடுங்கள் என்று தண்டோரா போட்டிருந்தார்கள். சீனிச்சாமியும் அதைக் கேட்டிருந்தான். அதையே இப்போது அவளுக்குத் திருப்பிச் சொன்னான்.

"எலியெல்லாம் விழுகல. நானே மோட்ட அண்ணாந்து அண்ணாந்து பாத்தேன். அங்கன இருந்து ஒண்ணுகூட விழுகல."

எலி விழுகிறது என்றால் பிளேக் கண்டு எலி சாவது; அவனோ கூரையிலிருந்து பொத்தென்று விழும் என்று நினைத்திருந்தான். அப்போதுதான் அவள் அந்தக் கண்ணையும் பார்வையையும் பற்றிச் சொன்னாள். கத்தவில்லை, அடங்கின குரலில் சொன்னாள். சொல்லிக்கொண்டே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போய் நின்றாள். மூட்டையோடு அங்கேயே இருக்க வேண்டும், ஒரு எட்டு முன்னால் வைக்கக்கூடாது என்று அங்கிருந்தே உத்தரவு போட்டாள். அவனுக்கு அப்போதுதான் விளங்கியது. மூட்டையைத் தோளிலிருந்து இறக்கி வாசலிலேயே வைத்தான்.

அடுத்த கால் மணி நேரம் அந்த வீட்டில் மூன்று பேரும் மூன்று மூலையில் நின்று பேசினார்கள். புருஷன் வேட்டி துண்டை அவிழ்த்துப் போட்டுவிட்டுக் குளித்து, வேறு வேட்டி கட்டிக்கொண்டு தோட்டத்துக் குடிசைக்குப் போக வேண்டும், பத்து நாள் வீட்டுப் பக்கம் வரக்கூடாது என்றாள். அக்காள் வீட்டை உடனே காலி செய்யச் சொல்லி, அந்த ஊர் வழியாகக் கம்பம் போகிற வண்டிக்காரன் பொன்னுராஜிடம் தெருவில் நின்றே கூவிச் சொல்லியனுப்பினாள். மருமகள் நெல் அவிக்கிற அண்டாவைக் காட்டியதும் மொக்கம்மாள் குறுக்கே வந்தாள்.

"அதுல தண்ணி படக்கூடாதுடி. ஏழெட்டுப் பிள்ளைக உசுரு அதுல இருக்கு."

"எம்பிள்ள உசுரு இங்கன இருக்கு அத்தே. போர்வை உள்ள வரணும்னா அவிஞ்சுதான் வரணும்."

பிள்ளையை மாமியார் கையில் கொடுத்துவிட்டு அடுப்பை மூட்டினாள். தண்ணீர் தளபுளவென்று கொதித்ததும், மூட்டையை நீளக் கம்பால் தூக்கி அப்படியே உள்ளே விட்டு அமுக்கினாள். புருஷன் அவிழ்த்துப்போட்ட துணியும் பின்னாலேயே போனது. சாயம் கலங்கித் தண்ணீர் ரத்தச் சிவப்பாக வந்தது. மொக்கம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கருத்தம்மாள் கம்பை விடவில்லை.

அதற்குப் பிறகு தினமும் காலையில் அவள் கஞ்சிக் கலயத்தைத் தோட்டத்து வரப்பில் வைத்துவிட்டு இருபது எட்டுத் தள்ளி நிற்பாள். சீனிச்சாமி குடிசைக்கு வெளியே வந்து இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்ட வேண்டும். பிளேக்கில் கக்கத்தில் கட்டி வந்தவனால் கை தூக்க முடியாது. போலீசுக்காரனிடம் அகப்பட்டவன் மாதிரி நிற்கிறேன் என்று அவன் முதல் நாள் சிரித்தான். இரண்டாம் நாளும் தூக்கினான். மூன்றாம் நாள் இடது கை பாதியிலேயே நின்றுவிட்டது.

கமலையில் தண்ணீர் இறைத்ததில் சுளுக்கு என்றான். உடம்பு சூடாக இருக்கிறதா என்று கேட்டாள். லேசாக என்றான்.

கிட்டப் போய்த் தொட்டுவிட்டு வீட்டுக்கு வந்து பிள்ளைக்கு எப்படிப் பால் கொடுப்பது? தொடாமல் எப்படித் திரும்புவது? வீட்டுக்கு வந்து மாமியாரிடம் சொன்னாள். அண்டாவை வைத்த நாளிலிருந்து மொக்கம்மாள் அவளோடு பேசவில்லை. ஒரு பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தோட்டத்தைப் பார்த்து நடந்தாள். கருத்தம்மாள் பிள்ளையோடு வரப்பு வரைக்கும் பின்னாலேயே ஓடினாள்.

மாமியார் நேராகப் போய் மகனின் கக்கத்துக்குள் கையை விட்டுத் தடவினாள். தொடையிடுக்கையும் அமுக்கிப் பார்த்தாள். அவன் கூச்சத்தில் நெளிந்தான்.

"கட்டி இல்ல. சுளுக்குத்தான். நான் தொட்டுட்டேன், இங்கனயே இருந்துக்கிறேன். எனக்கும் சேத்துக் கஞ்சி வையி," என்று அங்கிருந்தே சொன்னாள்.

அன்றைக்கு வரப்பில் உட்கார்ந்த கருத்தம்மாள் வெயில் ஏறின பிறகுதான் எழுந்தாள். மறுநாள் அவனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. காமயகவுண்டன்பட்டியில் சந்தனம்மாள் சேதி கேட்டதுமே பிள்ளைகளை இழுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டாள். நெல்லை விட்டு வரமாட்டேன் என்று வீட்டிலேயே தங்கிய அவள் மாமனார் நாலாம் நாள் இறந்துபோனார்.

பதினாறாம் நாள் போட வேண்டிய தொட்டில் முப்பதாம் நாள்தான் போட்டார்கள். போர்வை சுருங்கி ஒன்றரைச் சாண் ஆகியிருந்தது, பஞ்சு உருண்டை உருண்டையாகத் திரண்டிருந்தது. சந்தனம்மாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இனிமேல் அது தம்பி பெண்டாட்டியிடமே இருக்கட்டும் என்று வைத்துவிட்டுப் போனாள். தொட்டிலில் கிடந்த அய்யம்மாளின் துணியில் விரலகலம் கிழித்து ஓரத்தில் தைத்தது மொக்கம்மாள்.

அதற்குப் பின்னால் அந்தப் போர்வை பதினோரு தடவை அவிந்திருக்கிறது. தொட்டிலுக்குத் தொட்டில் அண்டா ஏறும். அய்யம்மாளுக்கே இப்போது இரண்டு பிள்ளைகள். அனுமந்தன்பட்டிப் பக்கம் போகிறவர்கள் கருத்தம்மாளை ஒரு எட்டுப் போய்ப் பாருங்கள். போர்வையைக் காட்டு என்று கேளுங்கள். முதலில் வைவாள், அப்புறம் எடுத்துக் காட்டுவாள். கைப்பிள்ளைக்காரிகள் கட்டாயம் போங்கள்.