மகசீனின் அடியில் இருந்த மணிக்கூடு

முதலில் அதை வெடிகுண்டு என்றுதான் நம்பினேன். அகதியாக வந்த நாட்டில், வெக்ஸ்போர்ட் என்ற பகுதியில் நாங்கள் புதிதாக வாடகைக்கு எடுத்த பேஸ்மென்ரில், அலுமாரியின் மேல்தட்டைத் துடைக்கும்போது கையில் அகப்பட்டது: ஒரு துப்பாக்கி மகசீன், தோட்டா அடைக்கும் கூடு, கறுப்புப் பிளாஸ்ரிக், தோட்டா இல்லாதது. மகசீனைத் தெரியாத யாழ்ப்பாணத்தான் இல்லை. ஆனால் இதன் அடியில் ஒரு குட்டி மணிக்கூடு இருந்தது. சுற்றிவரப் பன்னிரண்டு இலக்கங்கள், ஓர் அம்புக்குறி, நடுவில் 91. தொண்ணூற்றொரு நிமிடத்தில் வெடிக்கும் என்று கணக்குப் போட்டு, தலையணையால் மூடி அதன்மேலேயே குந்தியிருந்த வீரன் நான்.

அடுத்த கிழமை எனக்கு அகதி விசாரணை. ஆயுதத்தைத் தொட்டதேயில்லை என்று எழுதிக் கொடுத்திருந்தேன்.

பிளாஸ்ரிக் வாளி செய்யும் பக்டரியில் வேலைசெய்த அறைநண்பன் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"அண்ணை, உது செய்த திகதி. எங்கட வாளி மூடியிலையும் உப்பிடித்தான் அடிக்கிறம். அம்பு நாலிலை நிக்குது. தொண்ணூற்றொண்டு ஏப்ரல். நீங்கள் இஞ்ச எப்ப வந்தனீங்கள்?"

"தொண்ணூறு."

"அப்ப ஊரிலயிருந்து கொண்டுவந்ததெண்டு ஒருத்தரும் சொல்லேலாது."

எனக்கு மூச்சு வந்தது.

"இஞ்ச வந்து வாங்கினதெண்டு சொல்லலாம்," என்றான் பாவி.

மூச்சு திரும்பப் போனது. லோயருக்குப் போன் எடுத்தேன். அவர் சொல்லிப் பொலிஸ் வந்தது. அது முன்பு அங்கே குடியிருந்த வேட்டைக்காரருடையதாக இருக்கும் என்று வீட்டுக்காரர் சொல்ல, அவர் பெயரை எழுதிக்கொண்டு மகசீனை எடுத்துப்போனது. விசாரணையில் அதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.