வேட்டியில் விழாத மூன்று குண்டு

போடியில் என் வீட்டு அலமாரியின் அடித்தட்டில் ஒரு பழைய வேட்டி மடித்துக் கிடக்கிறது. அதில் ஆறு ஓட்டைகள். ஒவ்வொன்றைச் சுற்றியும் கரியால் வட்டம் போட்டவர் எங்கள் ஏலத்தோட்டத்து வாட்சர். தரை துடைக்க அதை எடுத்த மனைவியிடமிருந்து இரண்டு முறை பிடுங்கி வைத்திருக்கிறேன். காரணம் சொன்னதில்லை.

காட்டுப்பன்றிகள் ஏலச் செடிகளைத் தூரோடு கிளறிப்போட்ட வருடம் அது. சுடுவதற்கு அனுமதி கிடைத்திருந்தது. எதையும் சோதிக்காமல் செய்யமாட்டேன் என்று பீற்றிக்கொள்கிற ஆள் நான். அதனால் வேட்டைக்கு முதல் நாளே, இருபது தப்படியில் சாக்கைக் கட்டித் தொங்கவிட்டு என் இரட்டைக்குழல் துப்பாக்கியால் சுட்டுப் பார்த்தோம். வலது குழல் குண்டுகளைச் சிதறவிட்டது. இடது குழலின் வாய் சற்றே குறுகல்; அது குண்டுகளைச் சேர்த்துப் பிடித்து அனுப்பும். தோட்டாவில் இருந்த ஒன்பது குண்டும் ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலத்துக்குள் விழுந்தன. நாற்பது தப்படிக்குச் சாக்கு போதாது என்று வாட்சர் தன் வேட்டியைக் கொண்டுவந்து கட்டினார். இடது குழலையே சுட்டேன். அவர் ஓட்டைகளை எண்ணினார்.

"ஆறுதாண்ணே இருக்கு. மிச்சம் மூணு எங்க போச்சு?"

"காத்துல போச்சு. பன்னிக்கு ஆறு போதும்யா."

அவர் வேட்டிக்கு இரண்டு பக்கமும் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குச் சிரிப்பு வந்தது.

மறுநாள் காலை, பன்றிகள் ஓடைப்பக்கம் திரும்பாதிருக்க அங்கே ஓர் ஆள் வேண்டியிருந்தது. சுடும் இடத்திலிருந்து எண்பது தப்படி தள்ளி, குண்டு போகும் நேர்கோட்டிலிருந்து அந்த வேட்டியின் அகலத்துக்கும் மேலாகவே விலகி, ஒரு பலாமரத்தடியில் வாட்சரை நிறுத்தினேன். "இந்த எடத்த விட்டு நகராதய்யா. இங்க ஒண்ணும் வராது" என்றேன். பன்றி நாற்பது தப்படியில் வந்தது. சுட்டேன். அது தப்பி ஓடியது. பலாமரத்தடியிலிருந்து "ஆத்தா!" என்று குரல் கேட்டது. நாற்பதில் வேட்டியை விட்டு விலகிய குண்டு எண்பதில் இன்னும் எவ்வளவு விலகும் என்று நான் யோசித்துப் பார்க்கவே இல்லை. ஒரு குண்டு அவர் முழங்காலை உடைத்திருந்தது.

ஜீப்பில் போடிக்கு இறங்கும் வழியெல்லாம் அந்தக் காலைத் துண்டால் இறுக்கிப் பிடித்திருந்தேன். ஆஸ்பத்திரிக்கு வந்த போலீஸ்காரர் கேட்டபோது, நான் வாய் திறக்கும் முன்பே வாட்சர் சொன்னார்.

"அண்ணன் நிக்கச் சொன்ன எடம் வேற சார். பன்னி எங்க போகுதுன்னு பாக்க நாந்தேன் முன்னால போயிட்டேன்."

போலீஸ்காரர் என்னைப் பார்த்தார். "ஆமா" என்றேன். அந்த ஒரு சொல்லில் என் லைசென்சும் தோட்டமும் தப்பின.

வாட்சர் இப்போது ராசிங்காபுரத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். காலைத் தாங்கித் தாங்கித்தான் நடக்கிறார். பஸ் ஸ்டாண்டில் கண்டால் "சௌக்கியமாண்ணே?" என்று அவர்தான் முதலில் கேட்கிறார். திட்டினால்கூடத் தாங்கிக்கொள்வேன். போன வாரம் டீக்கடையில் யாரோ காலைப் பற்றிக் கேட்க, "நாந்தேன் அவசரப்பட்டு நகந்துட்டேன்" என்று என் முன்னாலேயே சொன்னார். டீயைக் குடித்துவிட்டு வந்தேன். எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது.

வீட்டுக்கு வந்து வேட்டியை எடுத்து விரித்தேன். ஆறு வட்டங்கள். அன்று அவரைத் தூக்கும்போது அவருடைய செருப்புகள் கழன்று கீழே கிடந்தன. இரண்டும் பலாமரத்து வேரை ஒட்டி, நான் நிறுத்திய இடத்திலேயே கிடந்தன. அவர் ஓர் அடிகூட நகரவில்லை.