மடி கரையேறும்போது பாடும் பாட்டு

எனக்கு வாய் ஜாஸ்தி. மற்றவர்கள் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். எண்ணூர்ப் பக்கத்துக் குப்பத்திலிருந்து கூடை தூக்கிக்கொண்டு போய், திருவொற்றியூர் மார்க்கெட்டில் உட்கார்ந்து மீன் விற்பவளுக்கு வாய் இல்லாவிட்டால் கூடையோடு சேர்த்து அவளையும் விலை பேசிவிடுவார்கள். ஆனால் வீட்டுக்குள் நுழைந்தால் அந்த வாய்க்கு ஒரு பிரயோஜனமும் கிடையாது. என் வீட்டுக்காரர் பேச மாட்டார். கோபக்காரர் இல்லை, குடித்துவிட்டுக் கை நீட்டுகிறவரும் இல்லை. பேச மாட்டார், அவ்வளவுதான். நான் மூச்சு விடாமல் சொல்லி முடித்தால் ஒரு 'உம்' வரும். சில நாள் அதுவும் வராது.

கல்யாணமான புதிதில் ஒரு ஐப்பசி மழையில் படகோடு கடலுக்குள் மாட்டிக்கொண்டார். குப்பமே கரையில் நின்றது. மறுநாளும் வரவில்லை. அதற்கடுத்த நாள் காலையில் உடைந்த படகோடு எங்கேயோ ஒதுங்கி, நடந்தே வீடு வந்து சேர்ந்தார். வலை மொத்தமும் போய்விட்டது. என் மாமனார் வலையை நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். நான் மட்டும், "வலை போனா போவட்டும்யா. நீ வந்தியே, அது போதும்" என்றேன். அந்த நேரத்தில் ஒரு பெண் புருஷனிடம் அதற்குமேல் என்ன சொல்ல முடியும்? அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சோறு கீதா?" என்று கேட்டார். எனக்கு அப்போதே மனசு விட்டுப்போனது. இந்த ஆளுக்கு நாம் சொல்வது எதுவும் காதில் ஏறாது என்று அன்றைக்கு முடிவு கட்டிக்கொண்டவள்தான்.

இப்படிப்பட்ட மனுஷன்தான் எங்கள் குப்பத்தில் கரைவலை இழுக்கும்போது பாட்டெடுத்துக் கொடுப்பவர் என்றால் யாராவது நம்புவார்களா? வலையைப் படகில் கொண்டுபோய் அரை வட்டமாகக் கடலில் போட்டுவிட்டு, இரண்டு முனைக் கயிற்றையும் கரையிலிருந்து ஆம்பிளைகள் இழுப்பார்கள். இழுப்பதற்கு அம்பா பாட்டு வேண்டும். ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் 'ஏலேலோ', 'ஐலசா' என்று வாங்கிக்கொண்டு இழுப்பார்கள். கயிற்றில் பளு ஏற ஏறப் பாட்டு மாறும். லேசான கயிற்றுக்கு லேசான பாட்டு. கனத்த கயிற்றுக்கு வேறு பாட்டு. கடைசியில் மீன் அடைந்திருக்கும் பையை, அதை நாங்கள் மடி என்போம், கரையேற்றும்போது பாடுவது தனிப் பாட்டு. அதை வேறு எந்தச் சமயத்திலும் பாட மாட்டார்கள்.

மடி மணலில் ஏறும்வரை பெண்கள் கயிற்றுப் பக்கம் போகக் கூடாது என்பது எங்கள் குப்பத்து வழக்கம். நாங்கள் கூடையோடு மேட்டில் உட்கார்ந்திருப்போம். அலைச் சத்தத்தில் 'ஏலேலோ' மட்டும்தான் காதில் விழும். நடுவில் என்ன பாடுகிறார்கள் என்று தெரியாது. எனக்கு அது பெரிய விஷயமாகப் பட்டதில்லை. ஆனால் ஒன்று கவனித்தேன். பாட்டு ஒரு கட்டத்துக்கு வந்ததும் இழுக்கிறவர்கள் எல்லோரும் மேட்டுப் பக்கம் திரும்பி என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். பக்கத்தில் இத்தனை பெண்கள் இருக்க, என்னை மட்டும். கொழுந்தனைப் பிடித்து, "இன்னாடா பாடறாரு உங்க அண்ணன்?" என்று எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். "அது கயித்து சமாச்சாரம் அண்ணி" என்று நழுவிவிடுவான். வீட்டுக்காரரைக் கேட்டால் 'உம்'. எனக்கு அரிப்பு தாங்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் எங்களுக்குள் ஒரு சண்டை வந்தது. சண்டை என்று அதைச் சொல்ல முடியாது, நான் மட்டும் போட்டது. ஏதோ ஒரு சின்ன விஷயம். கூரையில் ஓட்டை என்று நினைக்கிறேன். ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, "சொவத்தாண்ட சொல்லியிருந்தா சொவராச்சும் உம் போட்டிருக்கும்யா. இனிமே உங்கிட்ட பேசினா என் நாக்கு அழுவட்டும்" என்று சொல்லிவிட்டேன். சொன்னதோடு நிற்கவில்லை. மறுநாளிலிருந்து நிஜமாகவே வாயை மூடிக்கொண்டேன். சோற்றை வைப்பேன், தண்ணீரை வைப்பேன், போய்விடுவேன். எனக்குத்தான் பொழுது நகரவில்லை. அவரோ எப்போதும்போலத்தான் இருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. நான் பேசினாலும் ஒன்று, பேசாவிட்டாலும் ஒன்று. அதுதான் என்னை அறுத்தது.

நாலைந்து நாள் போனதும் கொழுந்தன் வந்தான். வாசலிலேயே நின்று தலையைச் சொறிந்தான்.

"அண்ணி, அண்ணங்கிட்ட எதுனா பேசுங்க."

"ஏன், உங்கண்ணன் வந்து சொன்னாரா?"

"அவரு இன்னாத்த சொல்லப் போறாரு? வலை இழுக்க முடியல அண்ணி. பாட்டு பழசாவே வந்துகினு கீது."

நான் பேசுவதற்கும் வலை இழுப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. போடா என்று அனுப்பிவிட்டேன்.

அந்த வாரக் கடைசியில்தான் கலை விழா. இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருஷம் ஆகியிருந்தது. வட்டாரத்துக் கலைஞர்களை எல்லாம் ஒரே மேடையில் ஏற்றப்போகிறோம் என்று ஒரு குழுவினர் கிளம்பியிருந்தார்கள். வியாசர்பாடியிலிருந்து பறை, ராயபுரத்திலிருந்து சர்ச் பேண்டு, எங்கள் குப்பத்திலிருந்து அம்பா பாட்டு. சட்டையில் அட்டை குத்திய ஒரு தம்பி வந்து, கயிறெல்லாம் வேண்டாம், மேடையில் நாற்றம் அடிக்கும், பாட்டு மட்டும் போதும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். எங்கள் பெண்கள் ஒருத்தி பாக்கி இல்லாமல் வேன் ஏறிவிட்டார்கள். எல்லோருக்கும் ஒரே ஆசைதான். கல்யாணம் ஆன நாளாகக் காதில் விழாத பாட்டு, இன்றைக்கு மைக் வைத்துப் பாடப்போகிறார்கள்! நான் பேசாத விரதத்தில் இருந்தாலும் முதல் வரிசையில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

திருவொற்றியூரில் ஒரு பள்ளிக்கூட மைதானம். பேண்டு முடிந்து எங்கள் ஆட்கள் ஏறினார்கள். வெள்ளை வேட்டி, எண்ணெய் வைத்த தலை. என் வீட்டுக்காரர் மைக் முன்னால் ரேஷன் கடை வரிசையில் நிற்கிற மாதிரி நின்றார். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "ஆரம்பிங்கய்யா" என்றார் அட்டைத் தம்பி. என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. மறுபடியும் திறந்தார். கூட்டத்தில் யாரோ விசில் அடித்தார்கள். விசில் வந்த பக்கம் திரும்பி முறைத்தேன். கோபம் ஒரு பக்கம் இருந்தாலும் என் வீட்டுக்காரர் அல்லவா?

கொழுந்தன் மைக்கைப் பிடித்து, "சார், கயிறு புடிக்காம பாட்டு வராது சார்" என்றான். ஜனங்கள் சிரித்தார்கள். அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. குழுவில் மூத்தவரான ஒரு பெரியவர், சொல் பேச்சைக் கேட்காமல் வேனில் ஒரு சுருள் கயிறு கொண்டுவந்திருந்தார். அதை எடுத்துக்கொண்டு வந்தார்கள். கையில் பிடித்தார்கள். அப்போதும் வரவில்லை. மறுமுனை சும்மா கிடந்தது. பளு இல்லாத கயிற்றுக்கு என்ன பாட்டுப் பாடுவது? மறுமுனையைக் கொண்டுபோய் மேடைத் தூணில் கட்டப் போனார்கள். பந்தல்காரர் ஓடிவந்து, "ஐயோ, சாஞ்சிடும் சாமி" என்று கும்பிட்டார்.

பக்கத்து வீட்டு அக்கா சட்டென்று எழுந்தாள். "நாங்க புடிக்கறோம், தாங்க இப்பிடி" என்றாள்.

பெண்கள் கயிற்றைத் தொடுவதா? பெரியவர் வானத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். பிறகு, "கடலு இங்கேர்ந்து தெரியலையே? புடிங்கமே" என்று சொல்லிவிட்டார்.

மேடைக்குக் கீழே நாங்கள் வரிசையாக நின்றோம். நான் முதல் ஆள். கயிற்றின் அந்த முனையில் என் வீட்டுக்காரர், இந்த முனையில் நான். பிடி இறுகியதும் அவர் தோள் நிமிர்ந்தது. குரல் வந்தது.

"கடலம்மா காத்து நிப்பா, ஏலேலோ. கை நெறைய மீனு தருவா, ஐலசா."

நல்ல குரல். ஆனால் மேடைக்காகத் துடைத்து வைத்த பாட்டு என்று கேட்டதுமே தெரிந்துவிட்டது. கரையில் இதைப் பாடியா என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள்? இதைக் கேட்கவா இவ்வளவு தூரம் வந்தேன்? பளுவுக்குத் தகுந்த பாட்டு என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. திரும்பி, "நல்லா இழுங்கடி" என்றேன். மீன் கூடை தூக்கிய கைகள். இழுத்தோம். மேடையில் ஆம்பிளைகள் ஓரடி சறுக்கினார்கள். சறுக்கியதும் அவர்கள் உடம்பு மேடையை மறந்துவிட்டது. காலை ஊன்றினார்கள். பாட்டு மாறியது.

"உப்பு வாங்கினு வரச் சொன்னா, ஏலேலோ. ஊரச் சுத்திகினு வர்றே, ஐலசா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது நான் சொன்னது. வார்த்தைக்கு வார்த்தை நான் சொன்னது.

"காது ரெண்டும் சிப்பியாய்யா, ஏலேலோ. கத்திக் கத்தித் தொண்ட போச்சி, ஐலசா."

எங்கள் பெண்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். "அடியே, உன் வாயிடி!" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா. இத்தனை வருஷமாக நான் திட்டிய திட்டையெல்லாம் வைத்துத்தான் குப்பத்து ஆம்பிளைகள் வலை இழுத்திருக்கிறார்கள். எனக்கு வந்ததே கோபம். மானம் போகிறது, மைதானம் முழுக்கக் கைதட்டுகிறது. ஆனால் கோபத்துக்கு நடுவிலேயே ஒன்று குறுகுறுத்தது. இந்த ஆள் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாரே. எதையும் விடாமல் கேட்டிருக்கிறாரே. அப்படியானால் மடிக்குப் பாடுவது எது?

"இன்னும் இழுங்கடி" என்றேன். குதிகாலைத் தரையில் புதைத்துக்கொண்டு பின்னால் சாய்ந்தேன். எல்லோரும் சாய்ந்தார்கள். மேடையில் அவர்கள் கழுத்து நரம்பு புடைத்தது. கயிறு அசையவில்லை. அவர் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்கிற மாதிரி ஒரு பார்வை. நான் விடவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"வலை போனா போவட்டும்யா, ஏலேலோ. நீ வந்தியே அது போதும், ஐலசா."

அத்தனை ஆம்பிளைகளும் ஒரே தொண்டையாக வாங்கிப் பாடினார்கள். ஒருத்தன் முகத்திலும் சிரிப்பு இல்லை. இது அவர்களுக்குக் கேலிப் பாட்டு இல்லை. மடி கனத்து, இனி முடியாது என்னும்போது பாடுவது.

என் கை தானாக விட்டுவிட்டது. மற்ற பெண்களும் விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. மேடையில் மொத்தப் பேரும் ஒருவர்மேல் ஒருவராக மல்லாக்க விழுந்தார்கள். அதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக்கொண்டு ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். நான் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது, தேம்பித் தேம்பி அழுதேன்.

வேனில் அவர் முன்னால் உட்கார்ந்து வந்தார், நான் பின்னால். வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"சோறு கீதா?"

"கீது."

போட்டு வைத்தேன். எனக்கு எவ்வளவோ கேட்க வேண்டியிருந்தது. ஒன்றும் வாயில் வரவில்லை. அவர் இரண்டு வாய் சாப்பிட்டார். என் முகத்தைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார்.

"எதுனா சொல்லுமே" என்றார். "நாளைக்கு வலை கீது."