புஷ்பகாந்தியின் கரகரத்த குரல்

மடுல்சீமைத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் புஷ்பகாந்திக்குக் கரகரத்த குரல். அதனால் பஜனைக் குழுவில் அவளைச் சேர்க்கவில்லை. ஒருநாள் கைப்பேசியில் கிரஞ்ச் இசை கேட்டாள். அமெரிக்காவின் மழை ஊரான சியாட்டிலில், பழைய கட்டம்போட்ட சட்டை அணிந்த இளைஞர்கள் எண்பதுகளில் வளர்த்தெடுத்த ராக் இசை அது. கரடுமுரடாக இரையும் கிட்டாரோடு பாடகர் முணுமுணுப்பாகத் தொடங்கி, தொண்டை கிழியக் கத்தினார்.

"இது என் தொண்டைதாங்க!" என்று கிட்டார் வாசிக்கும் கணவன் யோகநாதனிடம் துள்ளினாள்.

இருவரும் ஒரு வருடம் அந்த இசையைப் பாடியும் வாசித்தும் பழகினார்கள். பிறகு பதுளை மண்டபத்தில் நடந்த இசை நிகழ்ச்சி மேடையில், குண்டும் குழியுமான தோட்டத்துப் பாதையைப் பற்றித் தானே எழுதிய பாட்டை முதலில் முணுமுணுத்தாள்; பிறகு அடிவயிற்றிலிருந்து கத்தினாள். கூட்டமே எழுந்து நின்றது.

"இன்னொருக்கா பாடுங்கக்கா!"

புஷ்பகாந்தி வியர்வையைத் துடைத்துக்கொண்டு யோகநாதனைப் பார்த்தாள். "சத்தத்தக் கூட்டுங்க," என்றாள்.