மூன்றாவது வரி யாருடையது?

கம்ப்யூட்டர் ஒழுங்காக ஓடினால் அதைக் கவனிக்கிறவனுக்கு எதற்குச் சம்பளம் என்பார்கள். நின்றால் அவன்தான் எதையோ செய்துவிட்டான் என்பார்கள். இதே பிழைப்பில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்லியா தெரியவேண்டும்? இரண்டாயிரமாம் ஆண்டு வாக்கில் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் எனக்கு அந்த வேலை.

அழகுக்குச் செய்தது

அந்த ஆபீஸின் யுனிக்ஸ் கம்ப்யூட்டரில் எது நடந்தாலும் பிரிண்டரில் ஒரு வரி விழும்: நேரம், பெயர், நடந்த காரியம். அந்தத் தாளை லாக் என்போம். இடம் நிறைந்தால் பழைய கோப்புகளை அழிக்க நான் ஒரு புரோகிராம் எழுதி சிஸ்டத்தில் சேர்த்திருந்தேன். அதன் செய்தி நீளமாக இருந்ததால் மூன்று வரியாக உடைத்தேன். நேரமும் பெயரும் முதல் வரியில் மட்டும். மற்ற இரண்டும், அழித்த கோப்பின் விவரத்தோடு, உள்ளே தள்ளித் தொடங்கும். பார்க்க லட்சணமாக இருந்தது. மேனேஜர் தாளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "என்ன தம்பி, பாதித் தாள வெறுசா விட்டிருக்கீங்க? எதையும் மறைக்குதீங்களா?"

இரட்டைக் கோடு

ஒரு திங்கட்கிழமை வடநாட்டு ஆர்டர் கோப்பைக் காணோம். லாக் தாளை நோட்டில் எடுத்தெழுதும்படி கிளார்க் சுப்பையா அண்ணாச்சியிடம் மேனேஜர் சொன்னார். காலமெல்லாம் ஆள் பதிவேடு எழுதிய கை அது. கட்டம் காலியாக இருந்தால் மேலே உள்ள பெயர்தான் என்று இரட்டைக் கோடு போட்டு நிரப்பிவிடுவார். அப்படி நிரப்பியதில், ஆர்டர் கோப்பு அழிந்த வரிக்கு நேரே ஆபரேட்டர் செல்வராணியின் பெயர் வந்து நின்றது.

நாகலாபுரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற பெண். சனிக்கிழமையோடு வேலையைவிட்டு நிறுத்திவிடலாம் என்று பேச்சு அடிபட்டது. நானும் சந்தேகப்பட்டேன், இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. அவள் கீபோர்டில் கை வைக்கும்போதெல்லாம் பின்னால் போய் நின்றேன். திரும்பாமலே சொன்னாள்: "முதுகுல என்னத்த சார் பாக்குதீய? மூஞ்சியப் பாத்துக் கேளுங்க, சொல்லுதேன்."

நடுவில் விழுந்த வரி

வெள்ளிக்கிழமை நோட்டை விட்டுவிட்டுத் தாளையே வாங்கிப் பார்த்தேன். முதலில் என் புரோகிராமின் பெயர் போட்ட வரி. அடுத்து, செல்வராணி காலையில் மெஷினைத் திறந்த வரி. அதற்குக் கீழே பெயரில்லாமல் இரண்டு வரி, உள்ளே தள்ளி. என்னுடைய லட்சணமான வரிகள். மூன்றையும் பிரிண்டருக்குத் தனித்தனியாக அனுப்பியிருந்தேன். இடைவெளியில் அவளுடைய வரி புகுந்துவிட்டது. கோப்பைப் பழையது என்று எடுத்து அழித்தது என் புரோகிராம்.

தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிடலாமா என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது. பிறகு மேனேஜர் மேஜையில் விரித்து, சுப்பையா அண்ணாச்சியையும் செல்வராணியையும் கூப்பிட்டு, வரி வரியாகக் காட்டினேன். அன்றைக்கே மூன்று வரியும் பிரியாமல் சேர்ந்து வரும்படியும், ஒவ்வொன்றிலும் பெயர் விழும்படியும் மாற்ற உட்கார்ந்தேன். செல்வராணி நாற்காலியை இழுத்து என் பின்னால் போட்டாள்: "நீங்க அடிங்க சார், நான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

அன்றிலிருந்து லாக் தாளில் ஒரு வரி பெயரில்லாமல் நின்றால், நான் முதலில் சந்தேகப்படுகிற ஆள் நான்தான்.