மிச்சக் காற்று

"கிணத்து நீச்சலெல்லாம் இங்க கணக்குல வராதுங்க மேடம்."

அந்தமானில் ஒரு சின்னத் தீவில் ஸ்கூபா கடை வைத்திருப்பவர் போனில் சொன்னது இது. தீவிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். நான் அப்போது அரியலூர் பேருந்து நிலையத்தில் செந்துறை பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். நீச்சல் எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று சும்மாதான் கேட்டார். பாண்டிச்சேரிக்கு லீவு நாட்களில் போய்ப் படித்து வாங்கிய ஸ்கூபா சான்றிதழை மட்டும் சொல்லியிருந்தால் பேச்சு முடிந்திருக்கும். நான் முதலில் கிணற்றைச் சொன்னேன். சான்றிதழை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். குன்னத்துப் பக்கம் என் மாமா வெங்காயக் காட்டில் இருக்கும் அந்தக் கிணற்றில் எல்லாரும் குதித்துவிட முடியாது.

அடியில் கிடக்கும் செம்பையோ கொலுசையோ எடுக்க வேண்டுமென்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். உள்நீச்சலில் போய் அடியைத் தடவிவிட்டு நான் மேலே வருவதற்குள் கரையில் நிற்கும் பிள்ளைகள் பயந்து கத்த ஆரம்பித்துவிடுவார்கள். "அவளுக்குத் தம்மு ஜாஸ்தி" என்று மாமா சொல்வார். பள்ளிக்கூடத்தில் மார்க் வாங்கத் தொடங்குவதற்கு முன்னால் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். அப்பா அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக் கல் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அம்மா களையெடுக்கப் போனவள். எனக்கு மத்திய அரசு ஆபீஸ் ஒன்றில் வேலை. அதில் கிடைக்கும் பயணச் சலுகையில்தான் இருவரையும் அந்தமானுக்குக் கூட்டிப்போக ஏற்பாடு செய்தேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக விமானம் ஏறியவர்கள் நாங்கள். இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்குத் தலை நிமிரத்தான் செய்கிறது.

ஆனால் களைப்பும் இருந்தது. நான் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிய நாளிலிருந்து, எங்கள் வீட்டில் படிக்க வேண்டியது எல்லாம் என் வேலை. பஸ் போர்டு, ரேஷன் கடை மெசேஜ், அத்தையின் மாத்திரை அட்டை, பக்கத்து வீட்டுக்காரர் கொண்டுவரும் பத்திரம். "அம்மாடி, இதுல என்னா போட்டிருக்கு பாரு." சாப்பிடும்போதும் இந்தக் குரல் வரும், தலை வாரும்போதும் வரும். அப்படிப்பட்ட ஒரு நாளில்தான் அந்தக் கடைக்காரர் போட்டிருந்த வீடியோவைப் பார்த்தேன். கடலுக்கு அடியில் ஒரு சுண்ணாம்புக் கல் குகை. உள்ளே நீல இருட்டு. வழிகாட்டி ஒருவர் முன்னால் போக, திரும்பிப் பார்த்தால் வாசல் வெளிச்சம் தெரிகிற தூரம் வரைக்கும்தான் கூட்டிப்போவார்களாம். அங்கே படித்துச் சொல்ல ஒரு போர்டும் இல்லை. யாரும் பேசவும் முடியாது. எனக்கு அந்த ஒரு நாள் வேண்டும் என்று தோன்றியது. மொத்தப் பயணத்திலும் எனக்கென்று அது மட்டும்.

அப்பாவுக்குப் புரியவில்லை.

"உள்ள என்னா இருக்கு?"

"ஒண்ணும் இல்லப்பா. கல்லுதான்."

"என்னா கல்லு?"

"சுண்ணாம்புக் கல்லு."

அப்பா அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். "காலம்பூரா அதத்தான வெட்டுனேன். கேட்டிருந்தா லாரில கொண்டாந்து வாசல்ல கொட்டியிருப்பேன். இவ அதப் பாக்க ஏரோப்ளேன்ல போறாளாம்."

ஏற்பாடு லேசில் முடியவில்லை. ஒரு ஆளுக்காகப் படகு எடுக்க மாட்டார்கள். பெங்களூரிலிருந்து வரும் ஒரு தம்பதியோடு என்னைச் சேர்த்தார்கள். அவர்களுக்குத் தோதான நாளும் கடல் அமைதியாக இருக்கும் நாளும் ஒன்றாக அமைய வேண்டும். ஸ்கூபா போனபின் ஒரு நாளாவது விமானம் ஏறக் கூடாது. அதனால் கடைசி நாளை விட்டுவிட வேண்டும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு கையில் டிபன் டப்பாவும் ஒரு கையில் போனுமாக மெசேஜ் அனுப்பிக்கொண்டே இருந்தேன். குகைக்கு முந்தின நாள் ஆழமில்லாத இடத்தில் என்னை ஒருமுறை இறக்கிப் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வேன் என்றார் கடைக்காரர். அந்தக் கிணற்றுப் பேச்சின் விளைவுதான் அது என்று நினைத்துக்கொண்டேன்.

தீவுக்குப் போகும் கப்பலில் அம்மா எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு என் மடியில் படுத்துவிட்டாள். அப்பா சுவரில் கண்ணில் பட்டதையெல்லாம் காட்டிக் கேட்டுக்கொண்டே வந்தார். உயிர் காக்கும் சட்டையை எப்படிப் போடுவது என்ற போர்டைக்கூட இரண்டு முறை படித்துச் சொன்னேன். அறைக்குப் போனதும் சுடுதண்ணீர் குழாய் எது, ஃபேன் சுவிட்ச் எது, சோறு எங்கே கிடைக்கும். தீவில் இறங்கிய அன்று நான் கடலைச் சரியாகப் பார்க்கவே இல்லை.

மறுநாள் காலை அந்தப் பரீட்சை. கரையோரத்தில் தண்ணீருக்குள், மணல் தரைக்குச் சற்று மேலே கடைக்காரர் ஒரு கயிற்றைக் குறுக்கே கட்டி வைத்திருந்தார். அதைத் தொடாமலும், அதைவிட்டு மேலே போகாமலும் தண்ணீரில் அப்படியே மிதந்து நிற்க வேண்டும். நான் நின்றேன். கொஞ்ச நேரத்தில் கயிறு எனக்குக் கீழே தூரத்தில் தெரிந்தது. இறங்கி வந்தேன். மறுபடி மேலே போனேன். இப்படியே நடந்தது. ஆனாலும் கரையேறும்போது எனக்குச் சந்தோஷம்தான். சிலிண்டரில் காற்று பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. பாண்டிச்சேரியிலும் எங்கள் கூட்டத்தில் அதிகம் மிச்சம் வைத்தவள் நான்தான்.

அவர் காற்று மீட்டரைப் பார்த்தார். பாராட்டவில்லை.

"மேடம், நீங்க மூச்ச மிச்சம் புடிக்கிறீங்க."

"காத்து தீந்துடக் கூடாதுன்னுதாங்க."

"தீரட்டுமே. தீர்றதுக்குத்தான் அத முதுகுல கட்டி விடுறோம். நீங்க இழுத்து நிறுத்துறப்பல்லாம் நெஞ்சு பலூன் மாதிரி உங்களத் தூக்குது. இங்க மேல வானம். குகையில மேல கல்லு. போயி இடிப்பீங்க." பிறகு கேட்டார். "வெளிய வந்தா தலை வலிக்குமா?"

"வெயில்ல வலிக்கும்."

"அது வெயில் இல்ல. மூச்ச அடக்குறதால வர்ற வலி."

மூச்சை அடக்கக் கூடாது என்பது ஸ்கூபாவில் சொல்லித்தரும் முதல் பாடம். எனக்கும் தெரியும். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். நான் அடக்குகிறேன் என்று எனக்குத் தெரிந்தால் அல்லவா விடுவதற்கு? அரிசி களைந்த தண்ணீர் மாட்டுக்கு, குளித்த தண்ணீர் வாழைக்கு என்று வளர்ந்தவள். மிச்சம் வைப்பது எங்கள் வீட்டில் நல்ல பழக்கம். காற்றும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டது.

"நாளைக்கு உங்கள உள்ள கூட்டிட்டுப் போவ மாட்டேன்" என்றார்.

"எத்தன மாசமா ஏற்பாடு பண்ணியிருக்கேன் தெரியுமா?"

"தெரியும் மேடம். மெசேஜ் பூரா என்கிட்டதான இருக்கு."

சண்டை போடலாம் என்று நினைத்தேன். உடம்பில் தெம்பில்லை. ஈர உடையோடு மணலில் உட்கார்ந்துவிட்டேன். அவர் சிலிண்டர்களை வண்டியில் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்து சொன்னார்: "போட்டுல வாங்க. குகை வாசலுக்கு வெளியில நல்ல மணல் இருக்கு. நம்ம ஆளு ஒருத்தர் கூட இருப்பாரு. உள்ள போவ வேணாம். மூச்சு மட்டும் விட்டுப் பழகுங்க."

மூச்சு விடுவதற்காக இவ்வளவு தூரம் வந்திருக்கிறேனா என்று இருந்தது. ஆனாலும் சரி என்றேன். குகை போனாலும் நாள் என்னுடையதுதான். அதை விட மனம் வரவில்லை.

சாயங்காலம் கடற்கரையில் அம்மா ஆரம்பித்தாள். "நீ போயிட்டா நாங்க என்னா பண்றது? ரூமு நம்பரு எப்புடிப் பாக்குறது? சோறு கேட்டா ரொட்டி குடுக்குறான்."

"வாயத் தொறந்து கேளு" என்றார் அப்பா. "இங்க பாதிப் பேரு நம்ம பாஷதான் பேசுறான்."

"உங்களுக்கு என்னா, நீங்க கல்லுகிட்டக்கூடப் பேசுவீங்க."

"ஒரு நாள்தாம்மா" என்றேன். என் குரலில் என்ன இருந்ததோ, அம்மா சேலையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

மறுநாள் படகு கிளம்புவதற்குள் அம்மா போன் செய்துவிட்டாள். "குளிக்கிற ரூம்ல ரெண்டு பாட்டில் இருக்கே, அதுல என்னா போட்டிருக்கு? தலைக்கா, ஒடம்புக்கா?"

"எத வேணா எதுக்கு வேணா போட்டுக்கம்மா" என்றேன். போனை அணைத்துப் பைக்குள் வைத்தேன்.

குகை வாசல் நான் நினைத்ததைவிடப் பெரியது. அந்தத் தம்பதியும் வழிகாட்டியும் விளக்குகளோடு உள்ளே போனார்கள். வெளிச்சம் கல்லில் பட்டபோது, அப்பாவின் வேலைச் சட்டையில் ஒட்டியிருக்கும் அதே வெளுப்பு தெரிந்தது. பிறகு விளக்குகள் சின்னதாகிக்கொண்டே போயின. நான் வெளியே மணலுக்கு மேல் நின்றேன். என்னோடு இருந்தவர் தன் நெஞ்சில் கை வைத்து, அதை முன்னால் நீட்டிக் காட்டினார். விடு. விட்டேன். இன்னும் என்று சைகை காட்டினார். இன்னும் விட்டேன். உடம்பு கொஞ்சம் இறங்கியது. இழுத்தபோது கொஞ்சம் ஏறியது. முதலில் ஒவ்வொரு மூச்சுக்கும் மீட்டரைப் பார்த்தேன். அவர் அதை மெதுவாக என் கையிலிருந்து வாங்கித் தானே வைத்துக்கொண்டார். அதன்பிறகு எனக்கு வேலை எதுவும் இல்லை. ஒரு மீன் கூட்டம் வந்தது, போனது. யாரும் எதையும் கேட்கவில்லை. கண்ணாடிக்குள் எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியாது. மூக்கடைத்த பிறகுதான் கவனித்தேன்.

மேலே வந்தபோது, பாதுகாப்புக்காக வைத்திருக்க வேண்டிய அளவுக்கு மேல் சிலிண்டரில் மிச்சம் இல்லை. தலை வலிக்கவில்லை.

அறைக்குத் திரும்பினால் இருவரும் குளித்துச் சாப்பிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். ரொட்டிதான் சாப்பிட்டார்களாம். நன்றாக இருந்ததாம்.

"பாத்தியா கல்ல?" என்றார் அப்பா.

"வாசல்லயே நிறுத்திட்டாங்கப்பா. தம் கட்டுறேனாம்."

"இம்புட்டுப் படிச்சும் மூச்சு விடத் தெரியலன்னு அனுப்பிட்டானா?" அப்பாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

அம்மா சிரிக்கவில்லை. "இவ சின்னப் புள்ளயிலேருந்தே அப்புடித்தான். அழுதாக்கூடத் தம் கட்டிக்கிட்டுத்தான் அழுவா" என்றாள். என் தலை ஈரமாக இருப்பதைப் பார்த்துத் துண்டை எடுத்துப் போட்டாள்.

ஊருக்கு வந்ததும் எல்லாம் பழையபடி ஆனது. பக்கத்து வீட்டுக்காரர் பத்திரத்தோடு வந்தார், மாத்திரை அட்டை வந்தது. போன வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மறுபடியும் போர்ட் பிளேருக்கு டிக்கெட் போட்டேன். இந்த முறை சலுகை கிடையாது, சொந்தச் சம்பளம். வீட்டில் சொன்னபோது அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"மூணு பேருக்குமா?"

"இல்லம்மா. எனக்கு மட்டும்."

அம்மா அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

"அப்ப கரண்டு பில்லு?"

"அப்பா போயி கேட்டுக் கட்டுவாரு. அங்க ஆளு இருப்பாங்க."

உள்ளேயிருந்து அப்பா ஏதோ முணுமுணுத்தது கேட்டது. எழுந்து போய் என்னவென்று கேட்கவில்லை. தீவுக்காரருக்கு மெசேஜ் அனுப்பினேன்: 'குகைக்கு வரேன். ஒரு ஆள்தான், யாரோடயாவது சேத்து விடுங்க. கயிறு கட்டி வைங்க.'